கடைசிப் படகின் நேரம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். இருவருக்கும் தொழில் ஒன்றே. டயர் கடைக்கு மேலே, முதல் மாடிக் கூடத்தில் இரண்டு மேசைகளைப் போட்டுக்கொண்டு வெப்சைட் செய்து கொடுத்தார்கள். கீழே காற்றடிக்கும் எந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கும். ரப்பர் வாசனை திரைச்சீலை முதல் தலையணை உறை வரைக்கும் ஏறியிருந்தது. வெளியாட்கள் வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எப்போதோ பழகிப்போயிற்று.

மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் மாமியார் கூப்பிடப்போய், எல்லோருக்கும் அதுவே பேராகிவிட்டது. பெரியவள்தான் இந்தத் தொழிலை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள். கல்யாணமாகி வந்தபோது அவள் கையில் இருந்தது ஒரு பழைய லேப்டாப்பும், அதை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியமும்தான். அவள் கணவன் ஊரெல்லாம் அலைந்து வேலை பிடித்து வருவான், அவள் கட்டித் தருவாள். பல் வைத்தியர், பூக்கடை, வாடகை வண்டிக்காரர், கார் ஓட்டப் பழக்கும் பள்ளி என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

வந்ததற்குக் காரணம் அழகு கிடையாது. பெரியவள் கட்டிய பக்கம் எந்த போனில் திறந்தாலும் எந்த பிரவுசரில் திறந்தாலும் ஆடாமல் அசையாமல் நிற்கும். நாம் எழுதுவது ஒன்றுதான். அதை ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்குப் படித்துக்கொள்ளும். ஒன்று ஓரத்தில் இடம் விடும், இன்னொன்று விடாது. ஒன்றில் வட்டமாகத் தெரியும் பட்டன் இன்னொன்றில் சப்பையாகிவிடும், பழைய போனில் இருந்த இடமே தெரியாது. உயரமானவன், குட்டையானவன், தொப்பைக்காரன் மூவருக்கும் ஒரே சட்டையைத் தைத்து, மூவரும் ‘கச்சிதமா இருக்கு’ என்று சொல்ல வேண்டும் என்கிற மாதிரி வேலை. இதற்காகவே பெரியவள் ஒரு இழுப்பறை நிறையப் பழைய போன்கள் வைத்திருந்தாள். கண்ணாடி விரிசல் விட்டது, சார்ஜரை எடுத்தால் உயிரை விடுவது, எல்லாம் உண்டு. ஒரு பக்கத்தைக் கட்டி முடித்தால் அவற்றை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து, தேய்த்து, அமுக்கி, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. பல் வைத்தியர் தன் பக்கத்தைத் திறப்பார், அது திறக்கும், அவ்வளவுதான். கதவு திறந்ததற்காகத் தச்சரைக் கூப்பிட்டு யாரும் பாராட்டுவதில்லையே. பெரியவளும் அதை எதிர்பார்க்காமல்தான் இருந்தாள், போன வருஷம் கொழுந்தன் கல்யாணம் முடிந்து சின்னவள் வரும் வரைக்கும்.

சின்னவள் படம் வரையப் படித்தவள். அவளுக்கு நிறம் தெரிந்தது. வந்த மாதமே பூக்கடைப் பக்கத்தை எடுத்து, “அக்கா, இதைக் கொஞ்சம் மாத்திப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள். பார்க்கட்டும் என்று விட்டதுதான் பெரியவள் செய்த தவறு என்று பின்னால் தோன்றியது. பூக்கடைக்காரி பக்கத்தைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறி வந்து சின்னவளின் கன்னத்தை வழித்துவிட்டுப் போனாள். அதே பூக்கடைக்காரிக்கு ஐந்து வருஷமாகப் பக்கம் கட்டிக் கொடுத்தவள் அப்போது பக்கத்திலேயே தேநீர் டம்ளரோடு நின்றாள். “உங்களுக்கும் ஒரு கை உதவிக்கு ஆள் வந்தாச்சு” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள் பூக்கடைக்காரி. யார் யாருக்குக் கை உதவி என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்திருந்ததாகத் தெரியவில்லை. பெரியவளுக்கு வந்துவிட்டது.

அப்புறம் மேசை. ஜன்னலோர மேசை பெரியவளுடையது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அவளுடைய லேப்டாப், போன் இழுப்பறை எல்லாம் சுவரோர மேசைக்கு வந்திருந்தன.

“நிறம் பாக்க வெளிச்சம் வேணுமாம்ல” என்றாள் மாமியார். காய் நறுக்கும் பலகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நான்தான் மாத்தச் சொன்னேன். உனக்கு என்ன, எழுத்துதானே. இருட்டுலயும் அடிப்ப.”

“நான் வேண்டாம்னுதான்க்கா சொன்னேன்” என்றாள் சின்னவள்.

“அதனால என்ன, இருக்கட்டும்” என்றாள் பெரியவள். இருக்கட்டும் என்ற அந்தச் சொல்லை அன்று முதல் அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. யாராவது வந்தால் மாமியார் இரண்டு மருமகள்களையும் காட்டி, “சின்னவ அழகா வரையிறா. பெரியவ அதை ஒட்டி வெச்சுக் குடுக்குறா” என்பாள். ஒட்டி வைப்பது! பசையும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல.

பொறாமை என்ற பேரை அவள் அதற்கு வைக்கவில்லை. அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அலுப்பு என்றால் சின்னவளின் சிரிப்புச் சத்தம் சமையலறையிலிருந்து கேட்கும்போது மட்டும் ஏன் வர வேண்டும், சின்னவளுக்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் கம்மிக் கிடந்த மூன்று நாளும் ஏன் உடம்பு அத்தனை லேசாக இருந்தது என்றெல்லாம் யோசிக்கப் போகவில்லை.

படகுத்துறை வேலை வந்தது மழைக்காலத்தில். ஊரின் விளிம்பில் அகலமான நீர்ப்பரப்பு. அதற்குள்ளே ஐந்தாறு தீவுகள். அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் படகுதான். துறையின் மேலாளர் குடையை மடக்கி வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். பருத்த மனிதர். படி ஏறிய மூச்சு வாங்கி முடியவே கொஞ்ச நேரமாயிற்று.

“இப்ப இருக்கிற வெப்சைட்டை யாரோ புண்ணியவான் செஞ்சு குடுத்துட்டுப் போயிட்டான்” என்றார். “என் கம்ப்யூட்டர்ல ஜோராத் தெரியுது. ஜனங்க போன்ல படகு நேரம் தாறுமாறாத் தெரியுதாம். தினம் ஒருத்தராவது கடைசிப் படகை விட்டுட்டு வந்து என் சட்டையைப் பிடிக்கிறாங்க. படகு போயிட்டா மறுநாள் காலையிலதான். அந்தக் குளிர்ல பெஞ்சுல படுத்துக் கிடக்கிறாங்க. பாக்கவே மனசு கேக்கல.”

“அது சார், எந்தெந்த பிரவுசர்ல பாக்குறாங்கன்னு” என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

அதற்குள் சின்னவள் ஒரு காகிதத்தில் ஏதோ கிறுக்கியிருந்தாள். நீலத்தில் ஒரு அலை. அதன்மேல் ஒரு குட்டிப் படகு. படகுக்கு மேலே கட்டம் கட்டமாக நேரங்கள். அலை திரையின் அடியில் எப்போதும் நிற்கும். அதற்குள்ளேயே துறையின் போன் நம்பர் மிதக்கும். மேலாளர் காகிதத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

“இது எங்க துறையேதான்மா!” என்றார். “அந்த நீலம்கூட அதேதான். எங்க பார்த்த நீ?”

“சின்ன வயசுல ஒரு தடவை அந்தப் படகுல வந்திருக்கேன் சார்.”

மேலாளர் அதன்பிறகு பெரியவள் பக்கம் திரும்பவே இல்லை. தேநீரைக் குடித்தார், பன்னைத் தின்றார், சின்னவளிடம் அவள் அப்பா என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். எழுந்து போகும்போதுதான், “நீங்களும் கூட இருந்து முடிச்சுக் குடுத்துருங்க” என்றார் பெரியவளிடம். கீழே எந்திரம் ஓடியது. டம்ளர் நடுங்கியது.

இரவுச் சாப்பாட்டில் பெரியவளின் கணவனுக்கு வாய் ஓயவில்லை. “ஒரே கிறுக்கல்ல ஆளைக் கவுத்துட்டா பாரு!” என்று தம்பியிடம் சொன்னான். “நான் நாலு மாசமா அந்த மனுஷன் பின்னாடி நாயா அலைஞ்சேன்.” தம்பி வேன் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். மாமியார் சின்னவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். பெரியவள் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கணவன் பின்னாலேயே வந்தான். “என்னாச்சு, மூஞ்சி தொங்கிப்போச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“வேலை நம்ம வீட்டுக்குத்தானே வருது. அவ பிடிச்சா என்ன, நீ பிடிச்சா என்ன?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லதான்.”

“நீ இல்லாம அவ வரைஞ்சது எப்படி நிக்கும்? அது எல்லாருக்கும் தெரியும்.”

“யாருக்குத் தெரியும்? ஒரு ஆள் பேரைச் சொல்லுங்க.”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ இல்லாமல் எப்படி நிற்கும் என்று அவன் கேட்டது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. நிற்காமல் போகட்டுமே. நின்று நின்றுதானே யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சரிந்து விழுந்தால் அப்போது தெரியும்.

மறுநாளிலிருந்து அவள் கட்ட ஆரம்பித்தாள். சின்னவள் வரைந்ததை ஒரு முடி பிசகாமல் கட்டினாள். அந்தக் கட்டங்களைப் புதிய பிரவுசர்கள் சமர்த்தாக வரிசைப்படுத்தும். பழையவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. எல்லாக் கட்டத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்துப் போட்டுவிடும். அதற்குத்தான் பெரியவள் எந்தப் பக்கத்தைக் கட்டினாலும் அடியில் தனியாக ஒரு பத்தி எழுதுவாள்: ‘உனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, இப்படிச் செய்துகொள்’ என்று பழைய பிரவுசருக்கு எளிய வழி சொல்லும் பத்தி. இந்தத் தடவை எழுதவில்லை. இழுப்பறையையும் திறக்கவில்லை. தன் புது போனில் ஒரு முறை, லேப்டாப்பில் ஒரு முறை பார்த்தாள். அழகாக இருந்தது. அந்த அலை நிஜமாகவே அழகாக இருந்தது. லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

‘வரைஞ்சதைத்தானே கட்டினேன்’ என்று சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காத கேள்விக்கு அந்தப் பதிலைத் துணி துவைக்கும்போதும் சொன்னாள், கடைக்கு நடக்கும்போதும் சொன்னாள்.

மேலாளருக்குக் காட்டும் நாளும் வந்தது. பெரியவளின் கணவன் சின்னவளை அழைத்துப் போனான். வழக்கமாக இந்த மாதிரி இடங்களுக்குப் பெரியவள் போவதில்லை. இந்தத் தடவை தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டாள். சின்னவள் காலையிலிருந்தே அதிகம் பேசவில்லை. பயம்தான் என்று பெரியவள் நினைத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

மழை விட்டிருந்தாலும் காற்று விடவில்லை. துறையின் அலுவலகம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் டிக்கெட் ஜன்னல், ஒரு பக்கம் காத்திருப்பவர்களுக்குப் பெஞ்சுகள், கோடியில் ஒரு டீக்கடை. தரையெல்லாம் ஈரக் காலடி. டீசல் வாடையும் நனைந்த கயிற்றின் வாடையும் கலந்து வந்தது. மேலாளர் தன் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்ததும் டிக்கெட் கொடுப்பவர்கள், படகு ஓட்டுபவர்கள் எல்லோரும் பின்னால் வந்து குவிந்தார்கள்.

“அடடடா” என்றார் மேலாளர். “பாத்தீங்களாடா? அலை ஆடுது!”

அலை மெல்ல ஆடியது. சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் கூட்டத்தைப் பார்த்தாள். யாரிடம் பழைய போன் இருக்கும் என்று தேடினாள். தேட வேண்டியதே இருக்கவில்லை. படகுகளைக் கரையில் இழுத்துக் கட்டும் கயிற்றுக்காரர் ஒருவர், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை வெளியே எடுத்தார். அவளுடைய இழுப்பறையில் இருக்கும் போன்களைவிடக் கிழடு.

“நம்மளதுல வருமா இது?” என்றார்.

“பாருங்களேன் அண்ணே” என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே இனிப்பாகக் கேட்டது.

கயிற்றுக்காரர் கட்டை விரலால் தட்டினார். வெள்ளையாகத் திரை நின்றது. கட்டங்கள் குவிந்து கிடக்கும். கயிற்றுக்காரர் மேலாளரிடம் காட்டுவார், மேலாளர் சின்னவளைப் பார்ப்பார், சின்னவள் தன்னைப் பார்ப்பாள். அதற்குமேல் என்ன நடக்கும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

“வந்துருச்சு!” என்றார் கயிற்றுக்காரர். “நேரமெல்லாம் வரிசையா நிக்குது. அலைகூட இருக்குது. ஆடத்தான் இல்ல.”

பெரியவள் போனை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினாள். கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சிப்பாய்கள் மாதிரி நின்றன. அவள் எழுதாத பத்தி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அவள் பாணியிலேயே வேலை செய்தது. நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சுழிப்பு.

அந்த ஒரு கணத்தில் பெரியவளுக்கு மானம் தப்பித்தது தெரிந்தது. கட்டியவள் அவள்தானே, சரிந்திருந்தால் முதலில் அவள் பேர்தான் போயிருக்கும். ஆனால் நிம்மதி வரவில்லை. வந்தது வேறொன்று. நிறம் அவளுக்குப் போயிற்று, ஜன்னல் போயிற்று, முட்டை போயிற்று. ஒட்டி வைப்பதாவது தன்னுடையது என்று இருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டாளா இவள்? சொல்லாமல் கொள்ளாமல்? இத்தனை நாளாக அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததன் பேர் அவளுக்கு அப்போது தெரிந்துபோயிற்று. பொறாமை. நல்ல, முழுசான, கலப்படமில்லாத பொறாமை.

“என் போன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா” என்று ஒரு குரல் கேட்டது. டீக்கடை அம்மாள், இடுப்புத் துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள். “எனக்குக் கண்ணு சரியில்ல. எழுத்தைப் பெரிசாக்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் கடைசிப் படகு எப்ப?”

மேலாளர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். “அஞ்சேகால். போட்டிருக்கே.”

“அஞ்சேகாலா? ஆறு மணிக்கு இன்னொண்ணு உண்டே?”

“ஆறு மணிப் படகு எங்க?” மேலாளர் திரையை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். அஞ்சேகாலுக்குக் கீழே நீல அலைதான் இருந்தது. எழுத்து பெரிசானதில் அலையும் பெருத்து, கடைசி வரிசையை அப்படியே விழுங்கிவிட்டிருந்தது. விழுங்கினது தெரியாதபடி சுத்தமாக விழுங்கியிருந்தது.

“போன மாசம் என் தங்கச்சி கைக்குழந்தையோட இங்கதான் படுத்தா” என்று டீக்கடை அம்மாள் பெஞ்சைக் காட்டினாள். குரலில் கோபம் இல்லை. “ஆறு மணிப் படகு நின்னுட்டு இருக்கும்போதே, நேரம் முடிஞ்சுதுன்னு நெனச்சு ஊருக்குள்ளயே இருந்துட்டு, இருட்டினப்புறம்தான் இங்க வந்தா. போன் அப்படித்தான் சொல்லிச்சாம்.”

மேலாளர் முகம் மாறியது. “இதுக்குத்தானேம்மா புதுசா செய்யச் சொன்னது” என்றார். கேட்டது சின்னவளை. “பழைய கதையேதானா இதுவும்?”

சின்னவள் போனை வாங்கினாள். எழுத்தைச் சின்னதாக்கினாள், பெரிசாக்கினாள். “நான் இடம் விட்டிருந்தேனே” என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. “அலைக்குக் கீழ மறையக் கூடாதுன்னு இடம் விட்டேனே...” கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டாள்.

“அந்த அலையை எடுத்துருங்க” என்றார் மேலாளர். “அழகு கிடக்குது. வெறும் நேரம் போதும்.”

பெரியவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சின்னவள் உள்ளே போய் விட்டிருந்த இடம் திரையின் புள்ளிக் கணக்கில், பிக்சலில், விட்டது. அது எப்போதும் அதே அளவில்தான் இருக்கும். அலையோ தனக்குள் இருக்கும் எழுத்தோடு சேர்ந்து வளரும். இடத்தையும் எழுத்தின் அளவிலேயே விட்டால், அலை எவ்வளவு வளர்ந்தாலும் இடமும் அவ்வளவு வளரும். மாற்ற வேண்டியது ஒரே வரி. சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்.

சொல்லவில்லை. உடனே சொல்லவில்லை என்பதுதான் உண்மை. நான்கைந்து மூச்சு விடும் நேரம் சும்மா நின்றாள். அவள் ஆசைப்பட்டது அத்தனையும் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை போகப்போகிறது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், ஒரு பாவமும் ஒட்டாது. அந்த நான்கைந்து மூச்சும் அவளுக்குத் தித்திப்பாக இருந்தன.

அப்புறம் டீக்கடை அம்மாள் பெஞ்சின் ஈரத்தை யோசனையில்லாமல் தன் துணியால் துடைத்தாள். கை தன்பாட்டில் செய்த காரியம். அந்தத் தங்கச்சி இன்றைக்கும் வந்து படுப்பாள் என்பது போல.

“அலை இருக்கட்டும்” என்றாள் பெரியவள்.

“இல்லம்மா, வேண்டாம்...”

“சார், இருக்கட்டும்னு சொல்றேன்ல. தள்ளுங்க கொஞ்சம்.”

மேலாளரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு அதட்டலாக அவள் வெளியாளிடம் பேசி யாரும் கேட்டதில்லை. கணவன் திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் தன் லேப்டாப்பை விரித்து, அந்த வரியைத் தேடிப் போய், மாற்றி, ஏற்றினாள். “இப்பத் திறந்து பாருங்கம்மா.”

டீக்கடை அம்மாள் திறந்தாள். தள்ளினாள். அஞ்சேகாலுக்குக் கீழே ஆறு மணி ஏறி வந்தது, முழுசாக. அதற்கும் கீழே அலை.

“இன்னும் பெரிசாக்குங்க.”

இன்னும் பெரிசாக்கினாள். ஒரு எழுத்து கொய்யாக்காய் அளவுக்கு வந்தது. அப்போதும் ஆறு மணி அலையின் தலைக்கு மேலேயே நின்றது. பெரியவள் அத்தோடு விடவில்லை. கொட்டகையில் இருந்த அத்தனை பேர் போனையும் வாங்கி மேலாளரின் மேசையில் பரப்பினாள். காத்திருந்த பிரயாணிகளும் ஒவ்வொருவராக வந்து நீட்டினார்கள். ஒரு மாணவி, ஒரு தச்சர், காது கேட்காத கிழவர் ஒருவர். ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தைப் பெரிசாக்கி, படுக்கவைத்து, நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டு மூன்று இடங்களில் சின்னச் சின்னக் கோணல் இருந்தது. நிமிர்த்தினாள். சின்னவள் பக்கத்தில் நின்று போன்களை எடுத்துக் கொடுத்து, எடுத்து வைத்தாள்.

எல்லாம் முடிந்தபின் மேலாளர் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். “எடுக்கச் சொன்னேன் பாரு” என்றார் உற்சாகமாக. “எடுத்திருந்தா எவ்வளவு நஷ்டம்! இந்த அலைதான்மா உயிரே!” சின்னவளின் தலையில் கை வைத்தார். பெரியவளுக்கு ஒரு டீ சொன்னார்.

பெரியவள் டீயைக் குடித்தாள். மனம் கனக்கும் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் கனக்கத்தான் செய்தது.

மற்றத் துறைகளைப் படம் பிடிக்க வேண்டும் என்று கணவனை மேலாளர் நிறுத்திக்கொண்டார். இரண்டு பெண்களும் பஸ்ஸில் ஏறினார்கள். பாதிப் பஸ் காலி. மேகத்துக்கு இடையில் கொஞ்சம் வெயில் வந்து நீரின்மேல் விழுந்தது. லேப்டாப் பை சின்னவள் மடியில் இருந்தது.

“நீதானே எழுதின, அந்தப் பத்தியை?” என்றாள் பெரியவள்.

“ஆமாக்கா.”

“எப்பப் பாத்த?”

“நேத்து ராத்திரி அலையோட நீலத்தைக் கொஞ்சம் மாத்தலாம்னு உள்ள போனேன். எப்பவும் அடியில இருக்கிற உங்க பத்தி இல்ல.”

“மறந்துட்டேன்னு நெனச்சியா?”

சின்னவள் லேசாகச் சிரித்தாள். “நீங்களாவது மறக்கிறதாவது.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெரியவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். “தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? திட்டியிருக்கலாமே. அத்தைகிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீங்க உக்காந்து அஞ்சு நிமிஷத்துல எழுதிருவீங்க.”

“எழுதினா என்ன?”

“என்னவா?” சின்னவள் குரல் திடீரென்று உரத்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் என்ன வரைஞ்சாலும் உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்? ‘பெரியவ பாத்துட்டாளா’ங்கிறார். என் வீட்டுக்காரரும் அதேதான். ‘அண்ணி பாத்தாச்சா? அண்ணி சரின்னாங்களா?’ உங்க கை படாம என்னோடது எதுவும் வாசப்படி தாண்டாது. அழகா இருக்குன்னு சொல்றாங்க, ஆமா. அழகா இருக்குன்னு கொழந்தையத்தான் சொல்லுவாங்க. அதை நம்பி எவனும் கடைசிப் படகுக்கு வர மாட்டான்.”

பெரியவள் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள்.

“ஒரு வருஷமா நீங்க எழுதினதையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துப் படிச்சேன்” என்றாள் சின்னவள். “உங்க பத்தியைக் காணோம்னதும் எனக்குக் கோபமே வரலக்கா. சந்தோஷமா இருந்துச்சு. இந்த ஒரு தடவை நானே நிக்க வெச்சுக் காட்டிரலாம்னு நெனச்சேன். உங்க முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னுதான் இன்னைக்கு வந்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள அந்த டீக்கடை அம்மா வந்து கெடுத்துட்டாங்க.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததைத் தடுக்கவில்லை. சின்னவள் சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தாள். பெரியவள் மாற்றிய இடத்தைத் தேடிப் போனாள். அந்த ஒரு வரிக்கு வந்து நின்றாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதான்.”

“இதைத் திறந்து பாக்காமயே, அந்தம்மா போனைப் பாத்ததுமே தெரிஞ்சுதா உங்களுக்கு?”

“ம்.”

சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். உதடு இறுகியிருந்தது. மூக்கின் நுனி சிவந்திருந்தது. ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் விழுங்கினாள். பெரியவள் அந்த முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அதன் ஒவ்வொரு சுளிப்பும் அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதை அவள்தான் சுமந்துகொண்டு திரிந்தாள். வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. பாவமாகவும் இருந்தது, கூடவே, ஒளிப்பானேன், பெருமையாகவும் இருந்தது. பூக்கடைக்காரியும் மேலாளரும் மாமியாரும் சேர்ந்து பாராட்டியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு நிறைந்திருக்காது.

“எப்படிக்கா தெரிஞ்சுது?” என்றாள் சின்னவள். “சொல்லுங்க.”

“மாட்டேன்” என்றாள் பெரியவள்.

“அக்கா!”

“நீலத்தை எப்படிப் பிடிக்கிறன்னு நீ சொல்லு, பாக்கலாம்.”

சின்னவள் வாயைத் திறந்தாள். யோசித்தாள். சொல்லத் தெரியாமல் மூடிக்கொண்டு, முறைத்தாள். பிறகு தோளால் அவளை ஒரு இடி இடித்தாள். வேண்டுமென்றே வலிக்கும்படிதான் இடித்தாள். பெரியவளும் திருப்பி இடித்தாள். நிறுத்தம் வரும் வரைக்கும் சின்னவள் அந்த ஒரு வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரியவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்க அடிக்க, சுகமாக உட்கார்ந்து வந்தாள்.